கண்டியிலிருந்து வந்த வாழைக்கன்று

ஆவணி 9, 1969

கண்டியிலிருந்து படுக்கைச் சுருட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த இரண்டு வாழைக்கன்றுகளில் ஒன்றை, மகள் மீனாளுக்குப் பார்த்திருக்கும் கண்டரமாணிக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பெருமையாகக் கொடுத்தேன். வீட்டில் நட்ட மற்றதை இன்று அவளே வேரோடு பிடுங்கி எரித்தாள்.

"கப்பல்ல சோதிச்சவுக கண்ணுல மண்ணத் தூவிட்டு வந்தீகளாக்கும்? இதுல நோய் இருந்தா ஊர்த் தோட்டமெல்லாம் போச்சுப்பா."

சாம்பலைக் குச்சியால் கிளறி, மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

கடல் கடந்து செடியோடு வரும் நோய்களைத் தடுக்கும் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்க, டெல்லியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம். எட்டாவது தாண்டாத கடத்தல்காரன் நான் எப்படித் தடுப்பது? "போய்ட்டு வா ஆத்தா" என்றேன்.

நாளை மாப்பிள்ளை வீட்டில் கன்றைத் திருப்பிக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று வருஷம் பொறுக்கவும் சொல்ல வேண்டும். கன்றை முதலில் கேட்டுவிடுகிறேன். மற்றதைச் சொன்ன பிறகு தோட்டத்துக்குள் விடுவார்களா, தெரியவில்லை.