புள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கம்

பெரியவனுக்கு, அம்மா எழுதுவது.

நான், அப்பா, தங்கச்சி மூன்று பேரும் நலம். உன் நலத்தை இந்த முறை விசாரிக்கப்போவதில்லை, பதினெட்டாம் தேதி பைலட் மெடிக்கலில் டாக்டர்கள் தலையிலிருந்து கால்வரை பார்த்து எழுதியே கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் நீ "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை.

அப்பாவுக்கு டிப்போவில் இரண்டு வாரமாகக் காலை ஷிஃப்ட், நாலரைக்கு எழுந்து பாத்திரத்தை உருட்டி எங்களையும் எழுப்பிவிடுகிறார். தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நான் இன்னும் அதே கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறேன். ஒரு வேலையில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்காதவள் இங்கே பதினேழு வருஷம் ஓட்டிவிட்டேன், எனக்கே நம்ப முடியவில்லை. முதலாளி சோடாபுட்டி உன்னைக் கேட்டார். "பய எனக்கே கண் டெஸ்ட் பண்ணவனாச்சே, அவனுக்கென்ன" என்றார்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கலர்ப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற நம்பரைச் சொல்லச் சொல்வார்களே, அந்தப் புள்ளிப் புத்தகத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு பதிப்பு வைத்திருக்கிறார்கள், அது நம் கடையிலும் இருக்கிறது, பக்கவரிசையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று சொன்னாய். ஏன் என்றதற்கு, "சும்மா ஒரு தடவை பாத்துக்கத்தான்" என்றாய். கலர் பிரித்துத் தெரிகிறவனுக்கு வரிசை எதற்கு? அன்று முழுக்க யோசித்தேன். போன லீவில் ஷேவிங் மெஷினை சார்ஜ் போட்டுவிட்டு, சிவப்பு விளக்கு பச்சையாகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் தங்கச்சியைத்தான் பார்க்கச் சொன்னாய். சோம்பேறி என்று திட்டினேன். அது சோம்பேறித்தனம் இல்லை, இல்லையா?

தப்பு என்னுடையது. உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கடைக்குக் கூட்டிப்போனேன், கவுண்டருக்குக் கீழே உட்கார வைத்தேன், அழாமல் இருக்கப் பழைய புள்ளிப் புத்தகத்தைக் கொடுத்தேன். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்று பக்கம் திருப்பத் திருப்ப நான் சொல்வேன், நீ திருப்பிச் சொல்வாய். நாலு வயசில் கடைசிவரை ஒப்பித்தாய். வருகிற வாடிக்கையாளர்கள் முன்னால் நிறுத்திச் சொல்ல வைத்துப் பெருமையடித்தேன். நீ பார்த்துச் சொல்கிறாயா, பாடம் பண்ணிச் சொல்கிறாயா என்று எனக்கும் தோன்றவில்லை, அந்த சோடாபுட்டிக்கும் தோன்றவில்லை. பள்ளியில் கண் பரிசோதனை, டிரெய்னிங்கில் சேரும்போது அந்தச் சின்ன கிளினிக், இரண்டிலும் அதே பழைய புத்தகம், இரண்டிலும் ஒப்பித்துத் தப்பித்துவிட்டாய்.

அப்பாவிடம் சொன்னேன். மனுஷன் டிப்போ முழுக்க என் பிள்ளை பைலட் என்று சொல்லிவைத்திருக்கிறார், முகம் தொங்கிவிட்டது. "ஒரு போட்டோதானே, அனுப்பிட்டுப் போயேன்" என்றார். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு ஓகே என்று கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்புவீர்களா என்று கேட்டேன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தங்கச்சி மட்டும், "பைலட் இல்லன்னா ஏர்போர்ட்ல பெட்டி வண்டி தள்ளட்டும், அதுவும் ஏர்போர்ட்தானே" என்றாள். சொல்லிவிட்டு ரூமுக்குள் போய் அழுதாள், அதை உன்னிடம் சொல்லக்கூடாதாம்.

போட்டோ அனுப்பமாட்டேன். எனக்கு இதில் பெரிய யோக்கியதை எல்லாம் கிடையாது, பத்தாவதில் பிட் அடித்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. வரலாற்றுப் பரீட்சையில் பிட் அடித்தால் யாரும் சாகமாட்டார்கள். விமானத்தில் ரேடியோ வேலை செய்யாவிட்டால் ஏர்போர்ட் கோபுரத்திலிருந்து விளக்கு காட்டுவார்கள், பச்சை என்றால் இறங்கு, சிவப்பு என்றால் இறங்காதே என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்த நேரத்தில் தங்கச்சியைக் கூப்பிட முடியாது.

சோடாபுட்டியிடம் யாருக்கோ என்று சொல்லி விசாரித்தேன், யாருக்கென்று அவருக்குப் புரிந்திருக்கும். புத்தகத்தில் தவறினால் அத்தோடு முடிந்துவிடாதாம். இருட்டறையில் உட்காரவைத்துச் சின்னச் சின்ன விளக்காகக் காட்டிக் கலர் கேட்கிற சோதனை ஒன்று இருக்கிறதாம், குறை லேசாக இருந்தால் அதில் தேறுகிறவர்கள் உண்டாம், தேறாதவர்களும் உண்டாம். நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. பரிசோதனைக்குமுன் நீயே டாக்டரிடம், புத்தகம் எனக்கு மனப்பாடம், விளக்கு வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிடு. பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் பொய் சொன்னவன் என்று ஆகிவிடும், அதற்கு எந்த விளக்கும் கிடையாது.

மற்றபடி முந்தின நாள் நன்றாகத் தூங்கு. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே பிரஷர் பார்க்க உட்காராதே, பத்து நிமிஷம் சும்மா இரு. காபி வேண்டாம். காதில் எந்நேரமும் பாட்டை மாட்டிக்கொண்டு திரிவதை இந்த ஒரு வாரமாவது நிறுத்து, காதையும் பார்ப்பார்கள். தண்ணீர் நிறையக் குடி, பாட்டிலைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லும்போது முழிக்காதே.

இந்தக் கவரில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். வீணாய்ப்போன புள்ளிப் புத்தகம் ஒன்றிலிருந்து சோடாபுட்டியே கிழித்துக் கொடுத்தார். எத்தனையாவது பக்கம் என்று அதில் இல்லை, நீ சின்ன வயசில் பார்த்த புத்தகமும் இல்லை. பகலில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார். பக்கத்தில் யாரையும் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன், என்ன தெரிகிறது என்று சொல். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று சொல். நான் போனை வைக்கமாட்டேன், நீயும் வைக்காதே.

எங்கே இருந்தாலும், மேலேயோ கீழேயோ, நன்றாக இரு.

அம்மா

உன் பழைய கண்ணாடிப் பவர் சீட்டை மறக்காமல் எடுத்துப் போ. அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தானும் பக்கத்தில் உட்காருவதாகச் சொன்னார்.