நீ கடித்து வைத்த ரொட்டி

அன்புள்ள ஹுல்கருக்கு,

மார்கிலானிலிருந்து உன் வீட்டுக்காரன் துர்சுன்பாய் எழுதுவது. இங்கே பிள்ளைகள் சுகம், கோழிகள் சுகம், என் தொப்பையும் சுகம். தூரதேசத்தில், கசானில், உனக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். போனில் பேசினால் பிள்ளைகள் இரண்டும் காதை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

நீ வேலை செய்யும் தையல்கூடத்து முதலாளியம்மா இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறாள், இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தக் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளின் டீச்சர் பாடமே தரவில்லை. ஆளுக்கு ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து வீட்டிலேயே கற்றுக்கொண்டு வரவேண்டுமாம். என் காலத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் தூக்கத்தில் முதல் மாணவனாகத் தேறியிருப்பேன்.

தோனியோர் மின்விசிறியை எடுத்துக்கொண்டான். பிரித்து மாட்டியதில் காற்று இப்போது பின்பக்கமாகப் போகிறது. சுவர் குளுகுளுவென்று இருக்கிறது, எங்களுக்கு வேர்க்கிறது. கேட்டால், "திருகாணி மிச்சம்பா, லாபம்தானே?" என்கிறான். உன் பிள்ளை.

ஆய்தின் எடுத்துக்கொண்டது, ரொட்டி எப்படிக் கெடுகிறது என்பது. பக்கத்து வீட்டில் ரொட்டி வாங்கி ஒன்றைக் கோழிக்கூண்டில் வைத்தாள், ஒன்றை நிலவறையில், ஒன்றைக் கூரைமேல். நான் சுட்டதையே எடுத்துக்கொள் என்றேன். "அது சுடும்போதே கெட்டுப்போச்சுப்பா, கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வயது, வாயைப் பார்!

போன வெள்ளிக்கிழமை காலையில் சுவரைப் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. நீ கிளம்பிய அன்று நம் ஊர் வழக்கப்படி ஒரு வாய் கடித்துவிட்டு, மீதியைத் திரும்பி வந்து தின்பதற்காக மாட்டிப் போனாயே, அந்த ரொட்டியைக் காணோம். வீடு அதிரக் கத்தினேன். கூரை ஏணியிலிருந்து அவள் இறங்கி வந்தாள்.

"கத்தாதீங்கப்பா. வண்டு விழுந்திருந்துச்சு. வெயில்ல போட்டிருக்கேன். அம்மா வந்து வண்டு ரொட்டியையா தின்னுவாங்க?"

கோடை முழுக்க அவள் படித்தது எந்த ரொட்டிக்காக என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூரைமேல் வைத்தது மட்டும்தான் கெடவில்லையாம். அதனால் உன்னுடையதையும் நன்றாகக் காயவைத்து, வண்டு உதிர்த்து, புதுத் துணியில் கட்டி அவளே ஆணியில் மாட்டினாள். நீ கடித்த இடம் அப்படியே இருக்கிறது.

எவ்வளவு நாள் தாங்கும் டாக்டரம்மா என்று கேலியாகத்தான் கேட்டேன். அவள் யோசித்தே சொன்னாள்: "இந்தக் குளிர்காலம் தாங்கும்பா. அடுத்ததுக்கு என்னால சொல்ல முடியாது."

நீ கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன் என்றேனே, இதோ. இந்த வீட்டில் கணக்குத் தெரிந்தவள் நீ, நீயே முடிவு செய். குழந்தை சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன்.

ரொட்டி கல் மாதிரி ஆகிவிட்டது, ஹுல்கர். அல்லாஹ் உன் பற்களை உறுதியாக வைக்கட்டும்.

உன்
துர்சுன்பாய்