டிஃபென்ஸ் உன்னுடையது

இன்று மதியம் ஆபீஸ் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. போனில் நாம் இருவரும் சேர்ந்து அணி நடத்திய ஹேண்ட்பால் கேம். வீரர் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டாராம், டிஃபென்ஸில் நடு இடம் காலியாம். யாரென்று பார்க்கத் தேவையே இல்லை. முப்பத்தெட்டு வயதுவரை விடாமல் நடுவில் நிறுத்தி வைத்திருந்தாயே, உன் குண்டன், அவன்தான். எதிரே உன் நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஓர் அணிக்கு இரண்டு மேனேஜரா என்று ஆபீஸில் சிரித்தார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டு கட்டங்கள்: அட்டாக்கில் எங்கே ஓடுவான், டிஃபென்ஸில் எங்கே நிற்பான். அட்டாக் எனக்கு, டிஃபென்ஸ் உனக்கு. ஒருத்தியின் கட்டத்தில் இன்னொருத்தி கை வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே ஹேண்ட்பால் ஆடியவள் நீ. வேலூரிலிருந்து வந்த எனக்கு அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே உன்னால்தான் தெரியும். ஒருமுறை நீ லீவில் இருந்தபோது குண்டனைத் தூக்கிவிட்டு வேகமான ஒருவனைப் போட்டேன். பதினைந்து கோல் வித்தியாசத்தில் தோற்றோம். மறுநாள் லிங்கராஜபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக ஆரம்பித்தாய்.

"யாரும்மா உன்ன என் ஏரியாக்குள்ள வரச் சொன்னது? ஓடுறவன் உனக்கு, நிக்கிறவன் எனக்கு. ஆய்த்தா?"

"ஆய்த்து தாயே" என்று உன் கன்னடத்திலேயே சரி சொன்னேன். அப்படியும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் அந்தச் சட்டத்தை நான் மீறவே இல்லை. அதுதான் இப்போது என்னை அரிக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, மூச்சு வாங்க வாங்க என் போனைக் காட்டினாய். "குண்டனுக்கு வயசாயிடுச்சும்மா. அவன எடுத்துட்டு, நடுவுல..." என்று தொடங்கினாய். நான் முடிக்க விடவில்லை.

"டிஃபென்ஸ் உன்னோடது. வீட்டுக்கு வந்து நீயே மாத்து. நான் தொட மாட்டேன்."

உனக்குத் தைரியம் சொல்கிறேனாம். போனிலிருந்து கண்ணை எடுத்தாய். பிறகு, "சரி, பஸ்ஸு கூட்டமாயிடும், கெளம்பு" என்றாய். நாலாம் நாள் உன் அண்ணன் போன் செய்தார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயம். நீ ஒப்படைத்ததை வாங்கிக்கொண்டால், நீ போகப்போகிறாய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் உன் வாயை அடைத்தேன்.

பிறகு ஒரு சீசன் முழுக்க உன் கட்டங்களை அப்படியே விட்டு வைத்தேன். அட்டாக்கை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், வரிசையாகத் தோற்றோம். இன்று ஆறு மணி ஆட்டத்திலும் தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடுவோம் என்ற நிலைமை. இடத்தைக் காலியாக விட்டால் கேமே யாரையாவது கொண்டுவந்து நிறுத்திவிடும். உன் இடத்தில் அப்படி எவனோ நிற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நிற்கக்கூடியவர்கள் நம்மிடம் இரண்டு பேர். நெட்டையன் ஒருவன், இடது கைக்காரன் ஒருவன். இரண்டு பேரையும் நீதான் பொறுக்கி எடுத்தாய். ஒருவனைப் போடுவதும் எடுப்பதுமாகவே சாயங்காலம் போயிற்று. ஐந்தே முக்காலுக்கு நெட்டையனைப் போட்டேன். ஒரே கோலில் ஜெயித்தோம். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இனி டிஃபென்ஸையும் நான்தான் பார்க்க வேண்டும். பார்த்துக்கொள்கிறேன். ஆனால் "நடுவுல" என்று சொல்லி நிறுத்தினாயே, அடுத்து யார் பெயரைச் சொல்ல வந்தாய்? அரை நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கேட்டிருப்பேன்.