மதில் தாண்டிய புடலை

மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய கூட்டாளிக்கு,

என் புடலங்கொடி மதிலேறி உன் முற்றத்தில் இறங்கி, அங்கே நாலு காய் காய்த்திருக்கிறது. சாலைக் கடையைப் பங்கு பிரித்த நாளிலிருந்து நாம் பேசுவதில்லை என்பதை அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த வருஷம் என் தோட்டத்தைப் பற்றி அடக்கமாகப் பேச எனக்கு வராது. காலமெல்லாம் காய்கறி விற்றவன் சொல்கிறேன், இப்படி ஒரு வெண்டைக்காய் நம் கடைக்கு வந்ததே இல்லை. செண்டுமல்லி எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடக் காணும்.

புடலையில்தான் கோட்டை விட்டேன். விற்காத காய்தானே என்று நுனியில் கல் கட்டவில்லை, எல்லாம் சுருண்டுவிட்டது. நேற்று மதில் வழியாக எட்டிப் பார்த்தால், உன் பக்கத்துக் காய்கள் நூல் பிடித்தாற்போலத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் நம் கடை எடைக்கல்! பிரிக்கும்போது தராசு எனக்கும் கல் உனக்கும் வந்ததே, அதே கல்.

"என் காய்க்கு இவன் யாரு மைனி கல்லு கட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

"சத்தம் போடாதீங்க கொழுந்தனாரே. காலையில அந்தக் காய்களைத் தடவிப் பார்க்காம அவருக்குக் காப்பி இறங்காது" என்றாள் உன் பெண்டாட்டி.

அங்கேயே பேரம் முடிந்தது. நாலு காயும் உங்களுக்கு. அதற்கு விலை, திருவோணத்தன்று நீங்கள் இருவரும் இங்கே சாப்பிட வேண்டும். எடைக்கல்லை நீயே கையில் கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
தராசு வைத்திருப்பவன்