யாளி முகம் செதுக்கிய கை

தை 10, புதன்

பனி. பட்டறைப் பூட்டு நனைந்து கிடந்தது.

இன்று: மெழுகு உருக்குவது. பாட்டு டீச்சர் வீணைக்கு மெட்டு பதிப்பது. கேஸ் புக் பண்ணுவது. மிலானுக்குக் காரமில்லாமல் சாப்பாடு.

மிலான் செர்பியாவிலிருந்து வந்து ஐந்தாம் நாள். அங்கே குஸ்லே செய்கிறவர். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார், எங்களிடம் வீணை கற்கிறார். குஸ்லேக்கு ஒரே தந்தி, அதுவும் குதிரை மயிரில். மரத்தைக் கிண்ணமாகக் குடைந்து, மேலே ஆட்டுத்தோல் இழுத்து ஒட்டி, வில்லால் வாசிப்பது. கழுத்து நுனியில் ஒரு மிருகத்தின் தலை, நம் வீணைக்கு யாளி முகம் மாதிரி. அதனால் வந்த நாள் முதல் அவருக்கு எங்கள் ஆசாரி ராஜாங்கத்தின் யாளிகள் மேலேயே கண்.

மத்தியானம் ஒரு யாளியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். செல்போனில் ஏதோ சொன்னார். அது செய்தி வாசிக்கிற குரலில் தமிழாக்கியது: "இதைச் செதுக்கியவர் என்னைப் போல இடது கைக்காரர்."

சிரித்தேன். ராஜாங்கத்தை இருபது வருடமாகப் பார்க்கிறேன். வலது கை.

மிலான் விடவில்லை. வாய்க்குள்ளே உளி போன சாய்வைக் காட்டினார். தன் குஸ்லேயில் அவர் செதுக்கிய குதிரைத் தலையிலும் அதே சாய்வு. ராஜாங்கம் பட்டறையில் உட்கார்ந்து செதுக்கிய காலத்து யாளி ஒன்று பரணில் இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

சாய்வு எதிர்ப்பக்கம்.

ராஜாங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நேரமாச்சுக்கா. ட்ரெயினுக்குப் போறேன்."

மணி மூன்றுகூட ஆகவில்லை.

தை 11, வியாழன்

ராஜாங்கம் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

எட்டு வருடமாக யாளி முகங்களை வீட்டில் செய்துதான் கொண்டுவருகிறார். "பட்டறைல சத்தம்க்கா, மனசு நிக்கல." நம்பினேன். வேறு யாரிடமோ வாங்கி நம் தலையில் கட்டுகிறாரா? சபாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது மைக்கில் பேசியது நான். "இந்தக் கை தஞ்சாவூருக்கே சொத்து." எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தலை குனிந்து நின்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

மெழுகு தீய்ந்துவிட்டது. இரண்டு முறை.

குஸ்லே தலைக்கு எடுத்து வைத்த பலாக்கட்டை தொடாமல் கிடக்கிறது. மிலானின் போன்: "அவர் நாளை வருவாரா?" தெரியாது என்றேன்.

தை 12, வெள்ளி

காலை பாசஞ்சரில் நீடாமங்கலம், ராஜாங்கத்தின் வீட்டுக்கு. வழியெல்லாம் சம்பா அறுவடை, மிஷின் ஓடுகிறது. வண்டியில் ஒருவர், "ஈரப்பதம் ஈரப்பதம்னு நெல்லத் திருப்பி அனுப்பிட்டான்யா." போய் என்ன கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் பயன்படவில்லை.

முன்பக்கம் யாரும் இல்லை. பின்னால் மாட்டுக் கொட்டகை. மாடு இல்லை. தரையெல்லாம் பலாச் சிராய், மஞ்சளாக. நடுவில் ராஜாங்கத்தின் மனைவி செல்வி. முட்டிகளுக்கு நடுவே யாளி முகம். இடது கையில் உளி.

என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. "இந்தக் கண்ண முடிச்சிடறேங்க்கா. பாதில விட்டா கோணிக்கும்."

எவ்வளவு நேரம் நின்றேனோ. கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தேன்.

ராஜாங்கம் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு வருடம் முன் அவர் கட்டைவிரலில் உளி இறங்கியது எனக்கும் தெரியும். ஆறிவிட்டது என்று நினைத்தேன். "வீணைக் குடம் குடையறதுக்கு வலு இருக்குக்கா. நுணுக்கத்துக்குப் பிடி நிக்கல. சொன்னா வேற ஆள் போட்டுடுவீங்கன்னு பயம்."

முதலில் பல்லை மட்டும் செல்வி செய்திருக்கிறாள். பிறகு கண். பிறகு முழுசும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, செல்வி?"

"வந்து கேட்டேனேக்கா. எனக்கும் செதுக்கற வேலை குடுங்கன்னு. ஞாபகம் இல்லையா?"

இல்லை.

"மரவேலை உனக்கு ஒத்து வராது. கூட்டிப் பெருக்க ஆள் வேணும், வர்றியான்னீங்க."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். நானா? வீணைப் பட்டறை நடத்தும் பெண் என்று போகிற இடமெல்லாம் பேசி மாலை வாங்குகிற நானா? யோசித்துப் பார்க்கிறேன், முகம்கூட நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான். அப்படித்தான் பேசுவேன்.

டீ கொடுத்தாள். சர்க்கரை தூக்கல். குடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். கிளம்பும்போது இதுதான் வந்தது: "நாளைக்குப் பட்டறைக்கு வர்றியா? செதுக்க."

"இவருக்கும் வேலை உண்டுல்ல?"

"உண்டு."

"அப்ப வர்றேன். மூலைல உக்கார மாட்டேன்க்கா. வெளிச்சம் வேணும்."

தை 13, சனி

வெயில். இருவரும் முதல் வண்டியில் வந்துவிட்டார்கள். ஜன்னலோரம் என் இடம். விட்டுக்கொடுத்தேன்.

மிலான் எதிரே உட்கார்ந்து தன் கத்தியைக் கொடுத்தார். இடது கைக்கென்று தீட்டியது. செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடமும் வலது கை உளியை மல்லுக்கட்டிப் பிடித்திருக்கிறாள்.

குஸ்லே தலைக்குச் செல்வி யாளி செய்யட்டுமா என்று மிலானிடம் கேட்டேன். அவளே மறுத்தாள். "யாளிய யாரு பார்த்தா? ஆடு செய்றேன்." போன் என்ன சொன்னதோ, மிலான் எழுந்து திகைத்து நின்றார். ஆடச் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார். செல்வி "மே…" என்று கத்திக் காட்டினாள். பட்டறையே சிரித்தது. நானும். மூன்று நாளில் முதல் முறை. அவர்கள் ஊரிலும் ஆட்டுத்தலை வைப்பது உண்டாம். படம் காட்டினார்.

ராஜாங்கம் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன்.

"குடம் குடைஞ்சது எல்லாம் நான்தாங்க்கா. அதுல பொய் இல்ல."

"தெரியும். வா, கிண்ணம் இன்னும் தடிமனா இருக்காம்."

தை 15, திங்கள்

காலையில் மேகம், மழை இல்லை. தோல் ஊறித் தயார். ஒட்டுவதற்கு முன் மிலான் நிறுத்தினார். செய்தவர் பெயரைக் கிண்ணத்துக்கு உள்ளே வெட்டுவது அவர் வழக்கமாம். தோல் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது, ஆனால் இருக்கும்.

ராஜாங்கம் தன் பெயரை வெட்டினார். மெதுவாக, கோணலாக. உளியை அவளிடம் கொடுத்தார். 'செல்வி' என்று பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி பெரிதாக எழுதினாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவினேன். இத்தனை வீணைகள், இத்தனை வீடுகள், எல்லோரிடமும் யாளி செய்தது ராஜாங்கம் என்றே சொல்லி விற்றிருக்கிறேன்.

தை 17, புதன்

தோல் காய்ந்தது. தந்தி ஏற்றினார்கள். மிலான் வில்லை இழுத்தார். தொண்டை கட்டியவர் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். செல்வி காதில் கை வைத்து, பிறகு எடுத்து, "இன்னொரு தடவ" என்றாள்.

ஆர்டர் நோட்டை எடுத்தேன். ராஜாங்கத்திடம், "வீணை வாங்கினவங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, செல்வி செஞ்சதுன்னு சொல்லப் போறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லு."

ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "ஸ்பீக்கர்ல போடுங்க."

முதல் நம்பர், தாராசுரத்தில் ஒரு டீச்சரம்மா. பதறிவிட்டார். "வீணைல ஏதும் கோளாறா?"

"கோளாறு ஒண்ணுமில்லைங்க. யாளி செஞ்சவங்க பேரத் தப்பாச் சொல்லிட்டேன்."

"ராஜாங்கம்னுதானே சொன்னீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜாங்கம் போன் பக்கம் குனிந்தார். "நான் இல்லைங்க, டீச்சர். என் வீட்ல செஞ்சாங்க."

"அப்படியா! அவங்க பேரு?"

அவர் செல்வியைப் பார்த்தார். அவளே சொன்னாள்.