நான் வரைந்த வாய்

இன்று காலை துவைக்கப்போன என் சட்டைப் பையிலிருந்து உன் ரப்பரை எடுத்துவந்து நீட்டினாள் உன் அத்தை. பிசைந்த மாவு உருண்டை மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்குமே, அதுதான். "ஒருநாள் இதையும் சேர்த்து மெஷின்ல போட்டுடப் போறேன், பாருங்க" என்றாள். வாங்கி மூக்கருகே வைத்தேன். கரி வாசனை இன்னும் போகவில்லை. அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் மல்காஜ்கிரித் தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாயிற்று.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளியில் ஆளில்லை என்று நானே வெளியே வந்துவிட்டேன். நீ இருந்தால், "மாமா, கணக்குல ஃபெயில்" என்று திருத்தியிருப்பாய். கச்சிபௌலியில் பாறையும் பாம்பும் மட்டும் இருந்த காலத்திலேயே அங்கே கம்பெனி வேன் ஓட்டிப் போனவன் நான். ஒவ்வொரு கண்ணாடிக் கட்டடத்திலும் முதல் ஆளைக் கொண்டுபோய் இறக்கியது என் வண்டிதான். ஆனாலும் நான் பார்த்ததிலேயே பெரிய உத்தியோகம், உனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததுதான்.

கம்ப்யூட்டர் படிக்காத பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அக்கம்பக்கத்தார் துக்கம் கேட்பதுபோல் வந்து கேட்டுப்போன நேரம் அது. நீயோ ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று நின்றாய். ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த உன் அப்பா, என் அத்தான், ஒரு வருஷம் கெடு வைத்தார். வருஷக் கடைசித் தேர்வில் ஆசிரியர்கள் உன் படங்களைப் பார்த்துத் தேர்ச்சி தராவிட்டால், எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்பு. "சரிப்பா" என்றாய். சொன்னபோது உன் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

அந்தத் தேர்வுக்குத்தான் என் முகம். ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் மொட்டைமாடியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தேன். சரி, ஒரு மணி நேரம்.

"ஹிலோ மத், மாமா! அசையாதீங்க."

"நான் எங்கம்மா அசைஞ்சேன்? ஒருநாள் என் வண்டியில ஒரு அமெரிக்காக்காரன் ஏறி..."

"வாய் அசையுது."

"வாய் அசைஞ்சா மூக்குக்கு என்ன நஷ்டம்? நீ மூக்கைப் போடு."

"மூக்கு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. காது, வழுக்கை எல்லாம் ஆச்சு."

"வழுக்கையா? நக்கோ, நக்கோ! வேண்டவே வேண்டாம், முதல்ல அதை அழி."

சிரித்தபடி அந்த ரப்பரைக் கிள்ளிக் கூர்மையாக்கி, படத்தில் என் தலை உச்சியை ஒற்றினாய். வழுக்கை இன்னும் அதிகமாகப் பளபளத்தது. "பாதிப் படத்தை நான் ரப்பராலதான் வரையறேன் மாமா. கரியை எடுத்தா வெளிச்சம் வருது" என்றாய். எனக்குப் புரியவில்லை. எதையும் நாலு மடங்கு கூட்டிச் சொன்னால்தான் அழகு என்று இருந்தவன் நான்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், படத்தை ஒட்ட அட்டை வாங்க நீ கடைக்குப் போயிருந்தாய். படம் கட்டிலில் கிடந்தது. நெற்றி, கண், மூக்கு எல்லாம் அச்சு அசல் நான். மூக்குக்குக் கீழே வெறும் தாள். பதற்றத்தில் பிள்ளை வாயை மறந்துவிட்டது, நாளைக்குத் தோற்றுவிடும், அத்தான் சொன்னதைச் செய்துவிடுவார். பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்தேன். சும்மா ஒரு வாயா போட்டேன்? கம்பீரமாக ஒரு மீசை, அதன் கீழே பதினாறு பல்லாவது தெரியும்படி ஒரு சிரிப்பு!

நீ வந்து பார்த்தாய். அட்டை கையிலேயே இருந்தது.

"மறந்துடலை மாமா. விட்டிருந்தேன்."

"எதுக்கும்மா?"

"அது ஒருநாளும் நிக்கலையே. நிக்காததை நின்ன மாதிரி எப்படிப் போடுறது? அந்த வெத்து இடம்தான் நீங்க."

ரப்பரால் ஒரே ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாய். பேனா மை போகவில்லை. வேறு வரைய நேரமும் இல்லை. நீ அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் இன்றைக்கு இப்படி அலைய மாட்டேன்.

மறுநாள் வேனுக்கு லீவு போட்டுவிட்டுக் கல்லூரி அறை வாசலில் நின்றேன். உள்ளே ஒரு அம்மா தெலுங்கில் கேட்டார்: "இந்த மீசை யார் கை?"

"எங்க மாமா கை, மேடம். மத்தது நான் பார்த்த மாமா. அது அவர் நினைச்சுக்கிற மாமா."

உள்ளே சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை, நுழைந்துவிட்டேன். "பிள்ளை வெறுமையா விட்டிருந்துச்சுங்க. நான்தான் கெடுத்தேன்" என்றேன். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. அந்த அம்மா என் மூடின வாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு உன்னிடம், "அடுத்த வருஷம் வீட்டாளுங்க கையில பேனா கொடுக்காதே" என்றார். அடுத்த வருஷம் என்ற சொல் விழுந்ததும் நீ என் கையைப் பிடித்தாய். ஆறு ஆசிரியர்களும் எழுந்து கைதட்டினார்கள். "மூணு பேர் மாமா. யாரும் எழுந்திருக்கலை" என்பாய் நீ.

படித்து முடித்து என் வேனிலேயே கச்சிபௌலிக்கு வேலைக்கு வந்தாய். செல்போன் திரைக்கு நகத்தளவு படங்கள் போடும் வேலை. ஒருநாள் சிக்னலில் நின்றபோது செல்போனில் ஒரு தபால் உறைப் படத்தைக் காட்டினாய். "எட்டுக் கோடு இருந்தது, ஆறாக்கிட்டேன். இன்னும் ஒண்ணு எடுத்தா இது உறை இல்லை. அந்த இடத்துல நிறுத்தணும், அதான் கஷ்டம்." பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்போதும் எனக்குப் பாதிதான் புரிந்தது.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அதைக் கூட்டிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் கதைகளைக் குறைக்கத்தான் இப்போது ஆளில்லை. அந்த அமெரிக்காக்காரன் மூன்று பேராகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உன்னை வரைகிறேன். என்னைப் போல் வரைய இந்த ஊரிலேயே ஆளில்லை என்று வைத்துக்கொள். நெற்றி வந்துவிட்டது, பின்னல் வந்துவிட்டது. கண் மட்டும் வரவில்லை. நீ வரையும்போது அது என்னைப் பார்க்கும், தாளைப் பார்க்கும், திரும்ப என்னைப் பார்க்கும். அதை எங்கே பிடித்து நிறுத்துவது? போன வாரம் உன் அத்தை பின்னால் வந்து நின்று, "கண்ணு போடலையா? அவளுக்குக் கண்ணுதானேங்க அழகு" என்றாள். "விட்டிருக்கேன்" என்றேன்.

கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ரப்பரைப் பிசைந்துகொண்டே இருக்கிறேன். நீலப் பேனாவை மட்டும் கீழே வேனிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன்.