பஸ்தீல் சதுக்கத்தில் லோறன்ஸ் மச்சான்

பாரிஸ், ஒக்ரோபர் 1986

என் அன்புக்குரியவளுக்கு,

இங்கே நடந்த குண்டுவெடிப்புச் செய்தி கேட்டுப் பயந்திருப்பீர். நாங்கள் இருக்கிற லா சப்பல் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. நான் சுகம்.

உம்முடைய அண்ணன் லோறன்ஸ் இங்கே வந்த நாள் முதல் உணவகத்தில் கோப்பை கழுவியதைத் தவிர நகரத்தில் ஒரு இடமும் பார்த்ததில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும், முந்தி அரசனின் சிறை இருந்த பஸ்தீல் சதுக்கத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். அங்கே உயரமான தூண் ஒன்றுதான் நிற்கிறது.

“சனம் உடைச்ச சிறை எங்கை, மச்சான்?” என்று கேட்டார்.

“ஒரு கல்லும் விடாமல் இடிச்சுப்போட்டுதுகள்,” என்றேன்.

“நல்ல சனம்,” என்று சிரித்தார்.

அப்போதுதான் பொலிஸ் வந்து வதிவிடப் பேப்பர் கேட்டது. என்னுடையதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அவருடைய அகதி விண்ணப்பம் கோடையிலேயே மறுக்கப்பட்டுவிட்டது. உமக்கு எழுதவேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். பொலிஸ் வாகனத்தில் ஏறும்போது, “அம்மாட்டைச் சொல்லாதை. பாரிசுக்குப் பக்கத்திலை திரான்சியிலை நல்ல வேலையெண்டு எழுது,” என்றார்.

அப்படியே எழுதத்தான் இருந்தேன். ஆனால் அவரைக் கொழும்பு விமானத்தில் ஏற்றிவிட்டதாக அவருடைய விண்ணப்பத்தைப் பார்த்த வழக்கறிஞர் சொன்னார். உடனே கொழும்பிலுள்ள சவிரிமுத்து மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். மாமா விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்திருக்கிறார். விமானம் வந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகும் மச்சான் வரவில்லை. உள்ளேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மாமா பயப்படுகிறார்.

இன்றைக்கே பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லும். அவர் ஆயரோடு கதைக்கட்டும். உம்முடைய தம்பியைக் கொஞ்ச நாள் வேறு வீட்டில் படுக்கச் சொல்லும். யாராவது வந்து அண்ணனைப் பற்றிக் கேட்டால், நீர் தனியே வாசலுக்குப் போகவேண்டாம்.

உம்மையே நினைத்திருக்கும்,
பிள்ளைகளின் அப்பா